தண்ணீருக்காக எழுத்தை விட்டுவிடாதீர்கள்: மெய்நிகர் ஆற்றங்கரை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சமூக மன்றம் ஒன்றின் இரண்டாம் மாடி அறையில், கண்ணை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட்டில் ஓடும் உங்கள் மெய்நிகர் சாகச விளையாட்டைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினீர்கள். வரிசையில் ஒன்பதாவதாக நின்ற நீலச் சேலை மூதாட்டி என் பெரியம்மா. பத்தாவதாக நின்றவன் நான். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு பெரியம்மா பத்து நிமிடம் உங்கள் மடக்கு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களில் ஒரு தங்கை ஓடிப்போய் மைலோ பொட்டலம் ஒன்று வாங்கிவந்து, உறிஞ்சுகுழலையும் குத்திக் கையில் கொடுத்தார். அந்த நல்ல மனத்துக்கு முதலில் நன்றி.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம் உங்கள் கருத்துப் படிவம்தான். அட்டையில் இருந்த கியூஆர் குறியீட்டைத் தொட்டால் ஐந்து நட்சத்திரங்களும் கீழே ஒரு பெட்டியும் வந்தன. பெட்டியில் 200 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணிக் கழித்துக்கொண்டது. ‘க்’ என்று அடித்தால் இரண்டு போய்விட்டது. புள்ளிக்கும் காசு கேட்கும் பெட்டிக்குள் என் ஆதங்கம் அடங்காது. தவிர, இந்தத் தீவில் தமிழில் மெய்நிகர் ஆக்கங்களைச் செய்யத் துடிக்கும் வேறு சிலரும், காட்சியை அழகாக்கப்போய் எழுத்தைப் படிக்கவிடாமல் செய்யும் இதே பள்ளத்தில் கால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நான் தொழிலால் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவன். 2016 இல் முதல் தலைமுறை ஹெட்செட் ஒன்றை வாங்கி, அதற்கென்று சிம் லிம் ஸ்குவேரில் உதிரி பாகங்கள் தேடி ஒரு கணினியும் கட்டி, வீட்டில் மனைவியிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டவன். இரவில், விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் கிறுக்கிப் பார்த்த பழக்கமும் உண்டு. நிரலாளர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஓர் எந்திரம் தன் சக்திக்கு மீறி இழுக்கும்போது எழுப்பும் முனகலைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறேன்.

கதையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1820களின் சிங்கப்பூர். ஆற்று முகத்துவாரத்தில் படகிலிருந்து இறங்கும் ஆட்டக்காரர், செங்கல் சூளையின் கணக்கில் காணாமல்போன செங்கற்களைத் தேடிப் போகிறார். 1819 இல் பினாங்கிலிருந்து வந்து இங்கே சூளை வைத்த நாராயண பிள்ளையை நேரில் காட்டாமல், அவர் பெயரைக் கூலியாட்களின் வாயில் மட்டும் உலவவிட்டது கெட்டிக்காரத்தனம். புதிர்களைத் தமிழ் எண்களில் அமைத்தீர்களே, அது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். ‘௧’ என்பது க போல, ‘௪’ என்பது ச போல இருப்பதால் பேரேட்டின் ஒரு வரியை எழுத்தாகவும் படிக்கலாம், எண்ணாகவும் படிக்கலாம். இப்படியொரு புதிரை வேறெந்த மொழிக்காரனும் நமக்குச் செய்து தரமாட்டான்.

அந்தப் பேரேட்டைத்தான் பெரியம்மாவால் படிக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மா ஹெட்செட்டுக்குள் என்ன பார்க்கிறார் என்பதை வரிசையில் நிற்பவர்களும் பார்க்கட்டும் என்று தொலைக்காட்சித் திரையிலும் ஓடவிட்டிருந்தீர்கள். அதன் மூலையில், உங்களில் யாரோ அணைக்க மறந்துவிட்ட அளவுப் பலகை ஒன்று, விநாடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வரைகிறது என்ற எண்ணோடு பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. படகில் இருந்தவரை 72. கரை இறங்கி ஆற்றைத் திரும்பிப் பார்த்தார், 63. “அடேயப்பா, தண்ணீர்!” என்றார். சூளைப் பக்கம் நடந்தார், 55. கொட்டகைக்குள் நுழைந்து மேசையில் கிடந்த பேரேட்டைப் பார்க்கத் தலையைக் குனிந்தார். சூளைப் புகை சன்னல் வழியாக உள்ளே வந்தது. 41. தலையை நிமிர்த்தினார், மறுபடி குனிந்தார், பக்கவாட்டில் சாய்ந்தார். திரையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. மேசையின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. கையால் எதையோ பிடிக்கத் துழாவினார். நான் வரிசையை விட்டு ஓடிவந்தேன்.

72 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 13.9 மில்லி விநாடி. அதற்குள் இரண்டு கண்களுக்கும் உலகத்தை வரைந்து முடிக்க வேண்டும். மேசைக் கணினியில் விளையாடும் சாதாரண விளையாட்டில் ஃபிரேம் தவறினால் படம் கொஞ்சம் தடுக்கும்; ஆட்டக்காரன் சலித்துக்கொண்டு தொடர்வான். மெய்நிகரில் ஃபிரேம் தவறினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “தலை திரும்பிவிட்டது” என்கிறது, கண் “இன்னும் இல்லையே” என்கிறது. இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது என்பது இத்துறையில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. ஹெட்செட் தன்னால் ஆனதைச் செய்யும்: புதுப்படம் வராவிட்டால் பழைய படத்தையே தலையின் திருப்பத்துக்கு ஏற்பத் திருப்பி ஒட்டும். தூரத்து மலைக்கு அந்த ஒட்டு போதும். முகத்துக்கு முன்னால் இருக்கும் மேசைக்குப் போதாது. பழைய படத்துக்கு வெளியே வரைவதற்கு ஒன்றும் இல்லாததால் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். பெரியம்மா பார்த்தது அதைத்தான்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் இது நடந்திருக்காது. அங்கே பெரிய கிராஃபிக்ஸ் அட்டை போட்ட கணினியில் ஓடவிட்டுப் பார்த்திருப்பீர்கள். மன்றத்துக்குக் கொண்டுவந்ததோ கணினி தேவைப்படாத, தனித்தியங்கும் ஹெட்செட். அதற்குள் இருப்பது கைப்பேசி வகைச் சில்லு. அதன் தலையில் ஏறும் சுமையைப் பாருங்கள்: 2023 இல் வந்த குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 9.1 மில்லியன் பிக்சல். வீட்டுத் திரையில் நமக்குப் பழகிப்போன 1920க்கு 1080 என்பது 2.1 மில்லியன்தான். முழுத் தெளிவில் வரைவதற்கு அந்தச் சின்னச் சில்லு திணறும் என்பதால் அதைவிடக் குறைவாக வரைந்து, பெரிதாக்கித்தான் காட்டுகிறார்கள். இந்த விஷயம் பின்னால் வரப்போகும் புள்ளிக் கதைக்கு முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். உங்கள் தண்ணீர் அழகு. நானும் ஒரு நிமிடம் வாயைப் பிளந்து நின்றேன். மரக்கலங்களின் பாய் தலைகீழாக விழுந்து நெளிந்த விதம் கண்ணைப் பறித்தது. ஃபிரேமையும் பறித்தது. உண்மையான பிரதிபலிப்பு வேண்டும் என்றால், கரையில் இருக்கும் எல்லாவற்றையும் தலைகீழாக இன்னொரு முறை வரைய வேண்டும். இரண்டு கண்களுக்கும் இரண்டிரண்டு முறை, ஆக நான்கு முறை. திரையில் ஏற்கெனவே வரைந்திருப்பதிலிருந்தே எடுத்துக் காட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. மேசைக் கணினி விளையாட்டுகள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. மெய்நிகரில் அது காலை வாரிவிடும். இடக்கண்ணுக்குத் தெரிந்த படகு வலக்கண்ணின் திரைக்கு வெளியே போயிருந்தால், ஒரு கண்ணில் மட்டும் நிழல் விழும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ உறுத்துகிறது என்பார். ஆகவே வானத்தையும் கரையையும் முன்கூட்டியே ஒருமுறை எடுத்து வைத்த படத்தை அலையின் மேல் பூசுங்கள். பாயின் நிழல் துல்லியமாக விழாது. விழாவிட்டால் என்ன? அந்தக் காலத்து ஆறு கலங்கல் ஆறுதானே.

அடுத்தது புகை. அதற்குப் பாவமன்னிப்பு கிடையாது. புகை என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள்கள். தூரத்தில் சிறிதாக இருக்கும்வரை சில்லுக்கு வலிக்காது. முகத்தருகே வந்து பார்வை முழுவதையும் மூடும்போது, ஒவ்வொரு பிக்சலையும் பத்து முறை, பதினைந்து முறை தீட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவும் தீட்டி என்ன பயன்? இரண்டு கண்களால் அருகில் பார்த்தால் அது புகையாகவே தெரிவதில்லை. காற்றில் தொங்கும் தட்டையான காகிதங்களாகத் தெரிகிறது. புகையைச் சூளைக்கு மேலேயே நிறுத்திவையுங்கள். கொட்டகைக்குள் இருமல் சத்தம் ஒன்று போதும்.

நெருப்பொளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூளை வாயின் ஒளி ஆடும்போது கூலியாட்களின் நிழலும் சுவரில் ஆடியதே, அதற்காக அந்த ஒரு விளக்கு தன்னைச் சுற்றி ஆறு திசைகளிலும் உலகத்தைப் பார்த்துப் பார்த்து நிழல் கணக்குப் போடுகிறது. உங்கள் கதையில் பொழுது நகரவே இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை மாலை ஆறு மணி. அப்படியிருக்க, ஒளியையும் நிழலையும் முன்பே கணக்கிட்டுச் சுவரிலேயே பதித்துவிடலாமே. நெருப்பின் படபடப்புக்கு, நிழல் போடாத ஒரு விளக்கைக் கூட்டிக் குறைத்தால் போதும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும்கூட.

இனி எழுத்து. இந்த மடலே இதற்காகத்தான்.

பேரேட்டில் புள்ளி இல்லாததைக் கண்டபோது முதலில் உங்களை மெச்சினேன். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். அந்தப் பழைய வழக்கத்தை நினைவில் வைத்துப் பிள்ளைகள் பேரேட்டிலும் புள்ளியை விட்டிருக்கிறார்கள், என்ன நுணுக்கம் என்று வியந்தேன். என் முறை வந்து, நான் குனிந்து பேரேட்டுக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் புள்ளிகள் முளைத்தன! ‘செஙகல’ என்று இருந்தது ‘செங்கல்’ ஆயிற்று. கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன். புள்ளிகள் மறுபடியும் காகிதத்துக்குள் கரைந்து போயின. அப்போதுதான் விஷயம் விளங்கியது. வரலாற்று அறிவு இல்லை, பிக்சல் பஞ்சம்.

கணக்கு எளிது. கூர்மையான மனிதக் கண் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும். மன்றங்களிலும் பள்ளிகளிலும் இன்று புழங்கும் ஹெட்செட்டுகள் ஒரு பாகைக்கு 20, நல்லதாக இருந்தால் 25 தருகின்றன. உங்கள் பேரேட்டில் ஓர் எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய ஒரு பாகை, 20 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மீட்டரில் எட்டுக்கும் கீழே. எட்டுப் பிக்சல் உயரத்தில் ஆங்கில ‘எல்’லும் ‘ஓ’வும் தப்பிப் பிழைத்துவிடும். நம் ‘ண’வும் ‘ன’வும் தம்மை எப்படி வேறுபடுத்திக் காட்டும்? ‘க’வின் சுழியும் ‘ச’வின் சுழியும் ஒரே கறையாகிவிடும். எழுத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளி ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. தொலைவுக்கு ஏற்ப டெக்ஸ்சரின், அதாவது பொருளின் மேல் போர்த்திய படத்தின், சிறிய பிரதியை எடுத்துப் பயன்படுத்தும்போது, அக்கம்பக்கத்து நிறங்களைச் சராசரி பார்க்கிறது எந்திரம். கறுப்புப் புள்ளியும் சுற்றியுள்ள பழுப்புக் காகிதமும் கலந்து பழுப்பாகவே முடிகிறது.

போதாக்குறைக்குப் பேரேட்டை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறீர்கள். நிற்பவரின் கண்ணுக்கு அது சாய்கோணத்தில் தெரிகிறது. இருக்கும் எட்டுப் பிக்சலில் பாதி போய்விடுகிறது. சாய்கோணத்துக்கென்று இருக்கும் டெக்ஸ்சர் வடிகட்டியை நீங்கள் அந்த ஒரு பொருளுக்காவது கூட்டி வைத்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். அதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், செட்டியார்கள் தரையில் சம்மணமிட்டு, சாய்வான சிறு மேசை முன்னால் உட்கார்ந்துதான் கணக்கு எழுதினார்கள். கொட்டகையில் அப்படியொரு சாய்மேசையை வையுங்கள். ஆட்டக்காரரும் அதன்முன் உட்காரட்டும். பேரேடு முகத்தைப் பார்த்து நிமிரும், உட்கார்ந்தவருக்குத் தலைசுற்றலும் குறையும், கிழவிகள் விழமாட்டார்கள்.

தண்ணீரும் எழுத்தும் சந்திக்கும் இடம் இனிதான் வருகிறது. சுமை கூடும்போது படத்தின் தெளிவைத் தானாகக் குறைத்து ஃபிரேமைக் காப்பாற்றும் ஏற்பாட்டை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நல்ல ஏற்பாடுதான். வால்வ் நிறுவனத்தின் அலெக்ஸ் விலாகோஸ் 2015, 2016 ஆண்டுகளில் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் ஆற்றிய உரைகளில் மெய்நிகரில் வேகத்தைக் காப்பது பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார், இந்த ஏற்பாடும் அதில் உண்டு, தேடிக் கேளுங்கள். ஆனால் தெளிவைக் குறைக்கும்போது முதல் பலி யார்? மலையும் மரமும் ஐந்தில் ஒரு பங்கு தெளிவை இழந்தாலும் மலையாகவும் மரமாகவுமே இருக்கும். எழுத்து அப்படியில்லை. சன்னலுக்கு வெளியே தண்ணீர் தன் நான்காவது பிரதியை வரைந்துகொண்டிருக்கிறது. அதற்கான கூலியைக் கொட்டகைக்குள் புள்ளி கட்டிக்கொண்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் வேறு, தமிழ் வேறு என்று நீங்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து வேலை செய்வதாக அந்தத் தங்கை சொன்னார். பிரியாதீர்கள். இரண்டு குழுவும் செலவழிப்பது ஒரே 13.9 மில்லி விநாடியைத்தான்.

பேரேட்டின் பக்கத்தை மட்டும் உங்கள் உலகத்தோடு சேர்த்து வரையாமல், தனி அடுக்காக ஹெட்செட்டின் அமைப்பிடமே நேரே ஒப்படைக்க வழி இருக்கிறது. காம்பொசிட்டர் லேயர் என்பார்கள். உங்கள் உலகம் எவ்வளவு மங்கினாலும், தடுக்கினாலும், அந்த அடுக்கு தன் முழுத் தெளிவில் நிற்கும். எழுத்து நிறைந்த காட்சிகளுக்காகவே பரிந்துரைக்கப்படுவது அது. ஒரு நாள் வேலை. அதை முதலில் செய்யுங்கள்.

கொட்டகையின் பெயர்ப்பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நின்றது. யூனிட்டியின் வழக்கமான எழுத்துக் கருவிக்கு இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது என்பது பழைய வியாதி. தமிழ் மட்டுமல்ல, இந்தியும் வங்காளமும்கூட அதில் உடைகின்றன. பலகையை ஒரு படமாக வரைந்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரு தமிழ் விளையாட்டில் முதல் பலகையே உடைந்த தமிழாக இருந்தால், பார்க்கிற ஆசிரியர்கள் மீதி எதையும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

ஆற்று முகத்தில் நீங்கள் நிறுத்தியிருக்கும் சிங்கப்பூர்க் கல்லுக்கு வருகிறேன். 1819 இல் காடு வெட்டியபோது வெளிப்பட்டு, 1843 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாறை. அதிலிருந்த ஏறத்தாழ 50 வரிகளை இன்றுவரை யாரும் ஐயமறப் படித்ததில்லை. மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை முழுதாக நிமிர்த்தி நம் கண்முன் நிறுத்த மெய்நிகரைவிடத் தகுந்த கருவி இல்லை. ஆனால் அருகில் போனதும் ஏமாற்றம். பொறித்த எழுத்து பொறித்ததாக இல்லை, சுவரொட்டி போல ஒட்டியிருந்தது. பள்ளமே இல்லாத பரப்பில் ஒளியை மட்டும் பள்ளம் போல விழச்செய்யும் தந்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒற்றைக்கண் திரையில் அது பலிக்கும். இரண்டு கண் இருப்பவனை அருகில் நிறுத்தி அப்படி ஏமாற்ற முடியாது. அந்தக் கல்லில் மட்டும் உண்மையாகவே பள்ளம் தோண்டுங்கள். உருவங்களைக் கட்டும் முக்கோணங்களை அள்ளி இறையுங்கள். அதற்கு வேண்டியதை எங்கே மிச்சம் பிடிப்பது என்கிறீர்களா? பின்னணியில் ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறீர்களே, நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்களோடு, அங்கேதான். ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827 இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பப்பட்டது. உங்கள் கதை நடக்கும் காலத்தில் அங்கே வண்ணக் கோபுரம் ஏது? கோபுரத்தை எடுத்துவிட்டு அத்தாப்புக் கூரையை வையுங்கள். வரலாறும் நேராகும், சில்லும் மூச்சு விடும். கூரையின் ஓலைகளை ஒவ்வொன்றாகச் செய்து அதிலும் துளைத்துளையாக ஒளி விடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

சாகச விளையாட்டு என்பது சுடும் விளையாட்டைவிடக் கடினமான எசமான். சுடுகிறவன் ஓடுகிறான்; சுவரை உற்றுப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. சாகசக்காரன் நிற்கிறான். நெம்புகோலைத் தடவுகிறான், காகிதத்தைத் திருப்புகிறான், பூட்டுக்குள் கண்ணை வைக்கிறான். 1993 இல் மிஸ்ட் என்ற சாகச விளையாட்டு வந்தபோது, முன்கூட்டியே வரைந்த அசையாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டித்தான் அந்த நெருக்கத்தை ஏற்படுத்தினார்கள். அதை உருவாக்கிய சையன் நிறுவனத்தார் 2020 டிசம்பரில் மிஸ்டை மெய்நிகராக மறு ஆக்கம் செய்தபோது முதலில் கொண்டுவந்தது தனித்தியங்கும் ஹெட்செட்டுக்கு. 2024 இல் அதன் தொடர்ச்சியான ரிவெனையும் கணினிக்கும் குவெஸ்ட்டுக்கும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஸ்பெயினின் வெர்டிகல் ரோபோட் 2022 இல் வெளியிட்ட ரெட் மேட்டர் 2 ஐ எங்காவது இரவல் வாங்கியாவது விளையாடுங்கள். அதே கைப்பேசி வகைச் சில்லில், கைக்கு எட்டும் பொருள்களின் மேல் எவ்வளவு கவனம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய கணினிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 2020 இல் வந்த மெய்நிகர் விளையாட்டான ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் குறைந்தபட்சமாகக் கேட்டது 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராஃபிக்ஸ் அட்டையைத்தான்.

இனி என் தொழில் பேசுகிறது. வெப்பம். என் முறை வந்தபோது ஹெட்செட்டின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது. இரண்டு மணி நேரமாக இடைவிடாமல் ஓடுகிறது, மின்னேற்றியும் செருகியிருக்கிறது, தொலைக்காட்சிக்கும் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. படம் அனுப்புவது இலவசமல்ல. அதையும் அந்தச் சில்லேதான் சுருக்கி அனுப்புகிறது. சூடு ஏறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஆளுக்கு நிலைத்த 72 ஒன்பதாம் ஆளுக்கு நிலைக்காததற்கு இதுவும் காரணம். வரிசையில் நிற்பவர்களுக்கு வேடிக்கை காட்டப்போய், போட்டிருப்பவரை வதைத்தீர்கள். முன்பே பதிவு செய்த காணொளியைத் தொலைக்காட்சியில் ஓடவிடுங்கள். இரண்டு ஹெட்செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள். லென்ஸ்களின் இடைவெளியையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். பெரியம்மாவுக்கு முன்னால் போட்டவர் ஆறடி இளைஞர், அவருடைய அளவிலேயே பெரியம்மாவுக்கும் மாட்டிவிட்டீர்கள்.

சோதனை என்று ஒன்று செய்தால், உங்கள் குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்க்காதீர்கள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். பிற்பகலில் 32 பாகை, காற்றில் ஈரம், மேலே ஒரு விசிறி. முப்பதாவது நிமிடத்தில் மூலையில் என்ன எண் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் 72 ஆக இருந்தால் பிறகு உங்கள் இஷ்டத்துக்கு அழகு சேர்க்கலாம். தண்ணீரைக்கூடத் திரும்பக் கொண்டுவாருங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. கல் மேசையும் மின்செருகியும் இருக்கின்றன. அனுமதி வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், பெரியம்மாவுக்குக் கோயில் உண்டு.

ஆமாம், அவர் மறுபடி போட்டுப் பார்க்கத் தயாராகத்தான் இருக்கிறார். மைலோவை உறிஞ்சிக்கொண்டே அன்று அவர் சொன்னது, “தண்ணீர் நன்றாக இருந்தது, எழுத்தைத்தான் படிக்கவிடவில்லை” என்பது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கு ஓடுகிறது. பேரேட்டின் மூன்றாம் வரியில், சூளையிலிருந்து போன வண்டிகளின் எண்ணிக்கை ‘௪’ என்கிறார் பெரியம்மா. மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்த நான் ‘௧’ என்கிறேன். நீங்கள் எழுதியது எது என்று மட்டும் பதில் போடுங்கள்.

அன்புடன்,
வரிசையில் பத்தாவதாக நின்றவன்
ஈசூன், சிங்கப்பூர்